கொல்லிமலை ஏறி வந்ததில் இருந்து கூலண்ட் குறைகிறது: ஹெட் கேஸ்கெட்தானா?

எழுபது வளைவு (நாமக்கல்) | ஞாயிறு இரவு

வணக்கம். என்னுடையது 2013 மாடல் டர்போ டீசல் கார். நான்கு சிலிண்டர், காமன் ரயில், 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இந்த வகை இன்ஜின் பல வண்டிகளில் இருப்பதால் கம்பெனி பெயர் தேவையில்லை. வண்டி மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். காரவள்ளியில் இருந்து ஐந்து பேர், ஏசி போட்டபடியே ஏறினேன். ஐம்பதாவது வளைவு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கையில் இருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஏசி இல்லாமல் மெதுவாக மேலே போய்ச் சேர்ந்தோம்.

அன்றிலிருந்துதான் தொல்லை. 300 கி.மீ. ஓடினால் கூலண்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) டேங்கில் கால் லிட்டர் குறைகிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பத்து வினாடி மிஸ்ஸிங் அடிக்கிறது, சைலன்சரில் வெள்ளைப்புகை வருகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது.

ஒரு பட்டறையில் பானெட்டைத் திறந்து பார்த்ததுமே "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, 55,000 ஆகும்" என்றார்கள். ஆயிலில் தண்ணீர் கலக்காமலேயே கேஸ்கெட் போகுமா? எதை நம்பி ஹெட்டைக் கழற்றச் சொல்வது?

சேலத்துச் சக்கரம் | ஞாயிறு இரவு

லீக் அடைக்கும் பவுடர் கிடைக்கிறது, ரேடியேட்டரில் போட்டுப் பாருங்கள். என் பழைய வேனுக்குப் போட்டு இரண்டு வருடம் ஓட்டினேன். செலவு ஐநூறுக்குள்தான்.

பழைய ஃபோர்மேன் | திங்கள் காலை

தம்பி, பவுடர் மட்டும் வேண்டாம். உங்கள் வேன் டர்போ இல்லாத பழைய இன்ஜினாக இருந்திருக்கும், சேலத்துத் தம்பி. டர்போ டீசலில் சிலிண்டருக்குள் எரியும்போது வரும் அழுத்தம் நூறு பாருக்கும் மேலே. அதை ஒரு பவுடர் தடுத்து நிறுத்தாது. ஆயில் கூலர், ஹீட்டர், வண்டியில் தண்ணீரில் குளிரும் டர்போ இருந்தால் அதற்குப் போகும் விரல் மொத்தக் குழாய், இவைதான் அடைபடும். கேஸ்கெட்டுக்கு ஆகும் செலவோடு இன்னும் மூன்று செலவு சேரும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆயிலில் பால் (தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுப்பது) இல்லை என்பதால் கேஸ்கெட் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கேஸ்கெட் என்பது கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு. அதில் சிலிண்டரைச் சுற்றி நெருப்பு வளையம் ஒன்று, தண்ணீர் ஓட்டைகள், ஆயில் ஓட்டைகள் என்று தனித்தனியாக இருக்கின்றன. எந்த இரண்டுக்கு நடுவில் உடைகிறதோ அதைப் பொறுத்துத்தான் அடையாளம் தெரியும். தண்ணீருக்கும் ஆயிலுக்கும் நடுவில் போனால் பால். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் போனால் அடுத்தடுத்த இரண்டிலும் கம்ப்ரஷன் குறையும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையாது. சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் நடுவில் போனால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும்: ராத்திரி முழுக்கக் கூலண்ட் சிலிண்டருக்குள் கசிந்து நிற்கும், காலையில் அதுதான் மிஸ்ஸிங்காகவும் வெள்ளைப்புகையாகவும் வெளியேறும்.

ஆனால் இதே அடையாளத்தை இன்னொன்றும் காட்டும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். டர்போ டீசலில் இஜிஆர் கூலர் என்று ஒன்று உண்டு. சைலன்சர் பக்கம் போகும் சூடான புகையில் ஒரு பங்கைத் தண்ணீரில் குளிரவைத்து மறுபடி உள்ளே அனுப்புகிற பெட்டி அது. அதன் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் வெடித்தால் கூலண்ட் இன்டேக்குக்குள் போகும், வெள்ளைப்புகை வரும், வெளியே சொட்டு விழாது. எத்தனையோ ஹெட்டுகளை இதனால் வீணாகக் கழற்றியிருக்கிறார்கள். நானே ஒரு முறை கழற்றியிருக்கிறேன். அந்த வண்டிக்காரர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முதல் வேலை, பணம் செலவில்லாதது. இன்றைக்கு ராத்திரி இன்ஜின் நன்றாக ஆறினதும் கூலண்ட் டேங்க் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு மூடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் எங்கிருந்தோ எரிந்த வாயு உள்ளே வருகிறது. புகையையும் முகர்ந்து பாருங்கள். கண் எரிந்து டீசல் நாற்றம் அடித்தால் அது எரியாத டீசல், இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். லேசாகத் தித்திப்பு வாசனையோடு சீக்கிரம் கலைந்தால் கூலண்ட் ஆவி.

மஞ்சூர் மலை | திங்கள் மதியம்

எங்கள் ஊர்க் குளிரில் ஆயில் மூடிக்கு அடியில் மஞ்சள் கலந்த பால் மாதிரி படிகிறது. அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எனக்கும் கேஸ்கெட்தானா?

பழைய ஃபோர்மேன் | திங்கள் மதியம்

கூலண்ட் குறையவில்லை, டிப்ஸ்டிக் சுத்தம் என்றால் பயம் வேண்டாம். குளிர் ஊரில் இரண்டு மூன்று கி.மீ. ஓட்டி நிறுத்தினால் ஆயில் சூடாகாது, உள்ளே வியர்த்த ஈரம் மூடியில் படியும். ஒரு நாள் ஐம்பது கி.மீ. ஓட்டிவிட்டுத் துடைத்துப் பாருங்கள், போய்விடும்.

எழுபது வளைவு | செவ்வாய் காலை

ஐயா, ஹோஸ் நாற்பது வினாடியில் இறுகிவிட்டது. கை வைத்தால் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, ஹோஸ் மட்டும் கட்டை மாதிரி. புகையில் டீசல் நாற்றம் இல்லை.

நண்பர் ஒருவரிடம் கூலண்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவ டெஸ்டர் இருந்தது, அதையும் வைத்துப் பார்த்தோம். முதலில் பச்சையாகி அப்படியே நின்றது. கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பிடித்ததும் மஞ்சளாகிவிட்டது. அப்படியானால் உறுதிதானே?

பழைய ஃபோர்மேன் | செவ்வாய் இரவு

பாதிதான் உறுதி. அந்தத் திரவம் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நிறம் மாறும். டீசல் ஐடிலில் காற்று மிகுதி, அதனால் பச்சையோடு நிற்கும். ரேஸ் கொடுத்துப் பார்த்தது சரி. ஆனால் அந்த வாயு சிலிண்டரில் இருந்து வந்ததா, இஜிஆர் கூலரில் இருந்து வந்ததா என்று திரவத்துக்குத் தெரியாது. இரண்டுமே அதை மஞ்சளாக்கும்.

இனி செய்ய வேண்டியது இரண்டு. இஜிஆர் கூலரைக் கழற்றி, ஒரு பக்கத் தண்ணீர் வாயை அடைத்து, மறுவாயில் இரண்டு பார் காற்று கொடுத்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வராவிட்டால் கூலர் நல்லது. அடுத்தது லீக் டவுன், அதாவது சிலிண்டருக்குள் காற்று விட்டுக் கசிவு பார்ப்பது. குளோ பிளக் ஓட்டையில் அடாப்டர் போட்டு, அந்தச் சிலிண்டரை மேல் முனைக்கு, இரண்டு வால்வும் மூடி இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இன்ஜின் சுற்றாமல் கியரில் நிறுத்தி ஆறு பார் காற்று விட வேண்டும். காற்று எங்கே தப்புகிறது என்று காது கொடுத்தால் போதும். இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் என்றால் பிஸ்டன் ரிங்கு. கூலண்ட் டேங்கில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் கிராக்.

குளோ பிளக் கழற்றும்போது அவசரம் கூடாது. இன்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது, முதல் நாளே துரு இளக்கும் ஆயில் விட்டு, கொஞ்சம் திருப்பிக் கொஞ்சம் பின்வாங்கிக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே முறிந்தால் அது தனி வேலை.

டர்போ1000 | செவ்வாய் இரவு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1.0 பெட்ரோல் டர்போ. பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றும் ரீமேப் போட்டால் கேஸ்கெட் போகும் என்கிறார்கள், உண்மையா?

பழைய ஃபோர்மேன் | செவ்வாய் இரவு

பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏறச் சிலிண்டர் அழுத்தம் ஏறும், ஹெட் போல்ட்டுகள் ஹெட்டைப் பிடித்து வைத்திருக்கும் பலம் ஏறாது. பெட்ரோலில் இதோடு நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது) சேர்ந்தால் சுத்தியலால் அடிப்பது போல நெருப்பு வளையம் அடி வாங்கும். நீங்கள் அதற்கென்று தனி இழை ஆரம்பியுங்கள், அங்கே விரிவாகப் பேசுவோம்.

எழுபது வளைவு | வெள்ளி இரவு

ஐயா சொன்னபடி செய்தோம். இஜிஆர் கூலர் வாளியில் குமிழி விடவில்லை. லீக் டவுனில் 1, 2, 4 நன்றாக இருந்தன. மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று கொடுத்ததும் டேங்கில் சோறு கொதிப்பது போலக் கொதித்தது. ஹெட்டைக் கழற்ற முடிவு செய்துவிட்டேன். எங்கள் தெருவில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் செய்கிறார், நான் கூட நிற்கிறேன்.

லேத்துப்பட்டறை | வெள்ளி இரவு

நல்ல முடிவு. நாங்கள் ஹெட் வேலைதான் செய்கிறோம், அதனால் சில விஷயம் சொல்கிறேன். இன்ஜின் முழுக்க ஆறின பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும், ஒரு ராத்திரி விடுங்கள். கழற்றும்போது ஓரத்துப் போல்ட்டில் ஆரம்பித்து நடுவுக்கு வர வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் அலுமினிய ஹெட் அங்கேயே வளைந்துவிடும். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். கீழே வைக்கும்போது கட்டைகள் மேல் வையுங்கள். முகம் குப்புற வைத்தால் குளோ பிளக் முனையும் இன்ஜெக்டர் முனையும் நசுங்கும்.

இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் மேலும் பெயிண்ட்டில் 1, 2, 3, 4 என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றின் குறியீட்டு எண்ணும் இசியுவில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) அதன் சிலிண்டர் எண்ணோடு பதிந்திருக்கும், மாற்றிப் போட்டால் ஐடில் ஆடும்.

எழுபது வளைவு | ஞாயிறு மாலை

ஹெட் வந்துவிட்டது. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

1, 2, 4 பிஸ்டன் தலைகள் கரிச்சட்டி மாதிரி கறுப்பு. மூன்றாவது பிஸ்டன் மட்டும் புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி வெள்ளையாக மின்னியது. தினமும் கூலண்ட் ஆவி அதைக் கழுவிவிட்டிருக்கிறது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மூன்றாவது வளையத்தில், எக்ஸாஸ்ட் பக்கம், பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கரிக்கோடு வளையத்தைத் தாண்டித் தண்ணீர் ஓட்டை வரை போயிருந்தது. அகலம் ஒரு அரிசி அளவுகூட இல்லை. இத்தனை நாள் தொல்லைக்கு அந்தக் கோடுதான் காரணம்.

இன்னொன்றும் தெரிந்தது. ஹெட்டின் தண்ணீர் ஓட்டைகள் இரண்டில் வெள்ளையாக உப்பு கட்டி நிற்கிறது. இரண்டு வருடமாக டேங்கில் குறையும்போதெல்லாம் வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றினேன். எங்கள் பகுதித் தண்ணீரில் சோறு வடிக்கிற பானையே வெள்ளை பூக்கும். அதை ஊற்றியது என் தவறு.

ஹெட்டை லேத்துக்குக் கொடுத்தாயிற்று. பிளாக் முகத்தைச் சுத்தம் செய்ய டிரில்லில் மாட்டும் உரசு வட்டு வாங்கலாமா?

லேத்துப்பட்டறை | ஞாயிறு இரவு

வேண்டவே வேண்டாம். அந்த வட்டில் இருந்து உதிரும் தூள் கடினமானது. ஆயில் வழியில் இறங்கினால் பேரிங்கைத் தின்றுவிடும், டர்போ பேரிங் முதலில் போகும். உங்களுடையது பல அடுக்கு எஃகு கேஸ்கெட். அதற்கு முகம் கண்ணாடி போல இருக்க வேண்டும், வட்டு போட்டால் பள்ளம் விழும். பிளாஸ்டிக் சுரண்டியும் பிரேக் கிளீனரும் போதும், பொறுமையாகச் செய்யுங்கள். ஆயில் ஓட்டைகளிலும் சிலிண்டரிலும் சுத்தமான துணி அடைத்து வையுங்கள்.

போல்ட் ஓட்டைகளைக் காற்றடித்துக் காயவிடுங்கள். அடியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் இறுக்கும்போது அதற்குப் போக இடம் இருக்காது. பிளாக் விரிசல் விடும், டார்க்கும் (இறுக்கும் விசையின் அளவு) தவறாகக் காட்டும்.

ஹெட் விஷயத்தில் லேத்தில் இரண்டு வேலை கேளுங்கள். முதலில் பிரஷர் டெஸ்ட்: தண்ணீர் ஓட்டைகளை அடைத்து, சூடுபடுத்தி, காற்று கொடுத்து, வால்வுகளுக்கு நடுவே கிராக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராக் இருந்தால் ஃபேஸிங் (முகத்தைச் சீவிச் சமமாக்குவது) போடுவது வீண் செலவு. அப்புறம் நேர்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு நீளம், அகலம், இரண்டு குறுக்கு என எல்லாப் பக்கமும் அளக்க வேண்டும்.

எழுபது வளைவு | செவ்வாய் இரவு

கிராக் இல்லை. ஹெட் முகத்தில் பெண்டு (வளைவு) 0.13 மி.மீ. இருக்கிறது. என் வண்டி மேனுவலில் 0.10 வரைதான் அனுமதி, ஹெட்டின் குறைந்தபட்ச உயரமும் கொடுத்திருக்கிறார்கள். ஃபேஸிங் போட்டாலும் அந்த உயரத்துக்குக் கீழே போகாது என்று அளந்து சொன்னார்கள். போடச் சொல்லிவிட்டேன்.

லேத்துப்பட்டறை | செவ்வாய் இரவு

சரி. மேனுவலில் ஃபேஸிங் கூடாது என்று இருக்கும் டீசல் ஹெட்டுகளும் உண்டு, மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு நேராக லேத்துக்கு ஓட வேண்டாம். ஃபேஸிங் போட்டால் வால்வு முகத்துக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்ற அளவு குறையும், அதையும் அளந்து வால்வு உட்காரும் சீட்டை வெட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பழைய ஃபோர்மேன் | புதன் காலை

கேஸ்கெட் வாங்கும்போது கவனம். டீசலில் ஒரே இன்ஜினுக்கு இரண்டு மூன்று தடிமனில் வரும். ஓரத்தில் வெட்டு அல்லது ஓட்டை எண்ணிக்கையில் அடையாளம் இருக்கும். டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு பிஸ்டனும் மேல் முனையில் பிளாக் முகத்துக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து, அதிகமாக எட்டுகிற பிஸ்டனை வைத்து மேனுவல் அட்டவணையில் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஸ்டன் பின் இருக்கும் நேர்கோட்டில் வைத்து அளங்கள், வேறு இடத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடி அளவு மாறும். போல்ட் எல்லாம் புதிது. இந்தப் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகை, இரண்டாம் முறை அதே பிடி கிடைக்காது.

எழுபது வளைவு | புதன் இரவு

நீங்கள் இதைச் சொல்லாவிட்டால் தவறு நடந்திருக்கும் ஐயா. கடையில் வண்டி மாடலை மட்டும் கேட்டுவிட்டு ஒரு வெட்டு உள்ள கேஸ்கெட்டைக் கொடுத்திருந்தார்கள். என் பழைய கேஸ்கெட்டில் இரண்டு வெட்டு. டயல் கேஜில் அளந்தபோதும் அட்டவணைப்படி இரண்டு வெட்டுதான் வந்தது. எடுத்துப் போய் மாற்றிவிட்டேன். மெல்லியதைப் போட்டிருந்தால் பிஸ்டன் ஹெட்டை முட்டும் என்று அண்ணன் சொன்னார்.

கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் அனபாண்ட் பசை தடவினால் இன்னும் உறுதியாக இருக்குமா?

பழைய ஃபோர்மேன் | புதன் இரவு

எஃகுக் கேஸ்கெட்டுக்கு எதுவும் தடவக் கூடாது. காய்ந்தபடியே போட வேண்டும். டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் இணைப்பில் மட்டும் மேனுவல் கேட்டால் ஒரு சொட்டு.

இறுக்கும்போது நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள், கழற்றியதற்கு நேர் எதிர். முதல் சுற்று டார்க் ரெஞ்சில், அப்புறம் கோணத்தில். போல்ட் தலையில் வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் 90 டிகிரி திரும்பியதா என்று கண்ணாலேயே தெரியும். எண்கள் மேனுவலில் இருப்பதுதான், இன்னொருவர் வண்டியின் எண்ணைக் கேட்டு இறுக்காதீர்கள்.

டர்போவை மறக்காதீர்கள். ஆயில் போகும் குழாயின் செப்பு வாஷர்கள், ஆயில் திரும்பும் குழாயின் கேஸ்கெட் எல்லாம் புதிது. அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே கரி கட்டியிருக்கிறதா என்று காற்றடித்துப் பாருங்கள். மாட்டும் முன் டர்போவின் ஆயில் ஓட்டையில் புது ஆயில் கொஞ்சம் ஊற்றி வீலைக் கையால் சுற்றிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் கனெக்டர்களை எடுத்துவிட்டு, பத்துப் பத்து வினாடியாக மூன்று நான்கு முறை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள், ஆயில் விளக்கு அணையும் வரை. டர்போ ஆயில் இல்லாமல் சுற்றும் அந்தச் சில வினாடிதான் அதைக் கொல்லும்.

அப்புறம் ஒரு கேள்வி, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. கொல்லிமலையில் முதலில் எதனால் சூடானது? கேஸ்கெட் போனதால் சூடாகவில்லை, சூடானதால்தான் கேஸ்கெட் போனது. அந்தக் காரணம் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது.

எழுபது வளைவு | சனி இரவு

கண்டுபிடித்துவிட்டோம் ஐயா. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு வேகத்தில் ஓடும். குறைந்த வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. அந்த ரெசிஸ்டர் எரிந்து போயிருக்கிறது. அதனால் ஏசி போட்டால் ஃபேன் ஓடுவதே இல்லை, நன்றாகச் சூடேறிய பிறகுதான் பெரிய வேகத்தில் ஓடத் தொடங்கியது. நாமக்கல் ரோட்டில் 60-ல் போகும்போது காற்றே போதும், அதனால் எனக்குத் தெரியவில்லை. மலையில் இரண்டாம் கியரில் ஊர்ந்தபோது தெரிந்துவிட்டது. ரெசிஸ்டரை மாற்றியாயிற்று. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் மூடியும் புதிது. உப்பு கட்டிய ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்தோம்.

இன்று மதியம் ஸ்டார்ட் செய்தோம். ஹீட்டரைத் திறந்து வைத்து, மேலே இருக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றினோம். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. லேத் வேலை, கேஸ்கெட் செட், போல்ட், ஆயில், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 33,600 ஆனது.

சேலத்துச் சக்கரம் | சனி இரவு

பவுடர் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வேனையும் நாளை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போர்வெல் தண்ணீர்தான் அதிலும் இருக்கிறது.

பழைய ஃபோர்மேன் | ஞாயிறு காலை

நல்லது தம்பி. ஆயிலில் பால் தெரியாவிட்டாலும் மூன்றாவது சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் கூலண்ட் கீழே இறங்கியிருக்கும். 500 கி.மீ. ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் இருந்து அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி ஒன்று மாட்டி, முள்ளை நம்பாமல் டிகிரியைப் பாருங்கள். முள் நடுவில் ஒரே இடத்தில் நிற்கும்படிதான் பல வண்டிகளில் செய்திருக்கிறார்கள், அது நகரும்போது நேரம் கடந்திருக்கும்.

எழுபது வளைவு | ஆறு வாரம் கழித்து

500-ல் ஆயில் மாற்றினோம், வடித்த ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. இப்போது 2,100 கி.மீ. ஆகிறது. டேங்கில் நான் ஒட்டி வைத்த டேப் கோட்டில் இருந்து கூலண்ட் இறங்கவில்லை. நேற்று அதே ஐந்து பேரோடு, அதே மதிய வெயிலில், ஏசியோடு காரவள்ளியில் இருந்து ஏறினோம். ஓபிடியில் அதிகபட்சம் 97 டிகிரி. ஐம்பதாவது வளைவில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன், ஃபேன் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று காலை ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஆகியும் மெத்தென்று அமுங்கியது.